முகிலனுக்கு ஒன்பது, எனக்கு மூன்று

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

சேலையூரிலிருந்து மூத்த மாப்பிள்ளை ஹரிபிரசாத் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் ஜெயஸ்ரீயும் சுகம். வண்டலூரில் தாங்களும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் தாங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், பக்கத்தில் ஓவியா வந்திருந்தால் அவள் புருஷன் காதுக்குப் போய்விடும். விஷயமே அந்தப் புருஷனைப் பற்றியது.

தங்கள் இளைய மாப்பிள்ளை முகிலன் ஜன்னலுக்குக் கொசுவலை அளவெடுக்கக் கற்றுக்கொண்டதே என்னிடம்தான். அப்புறம் பம்மலில் தனிக்கடை போட்டார், நானும் மாலை வாங்கிக்கொண்டு போய் வாழ்த்தினேன். இப்போது சேலையூரில் கொசுக்கடி தாங்காமல் யாராவது போனில் கொசுவலை என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அவர் விளம்பரம், என்னுடையது நாலாவது. அந்த விளம்பரத்தை ஒருவர் தொடும் ஒவ்வொரு முறையும் நாம் காசு கட்ட வேண்டும். ஒரு தொடுதலுக்கு இவ்வளவு தருகிறேன் என்று ஏலம் கேட்க வேண்டும். நான் அவரைவிடக் கூடுதலாகத்தான் கேட்டேன், பிறகு இன்னும் ஏற்றினேன், அப்படியும் நாலாவது. பொறுக்க முடியாமல் விளம்பரக் கம்பெனிக்குப் போன் போட்டேன். சத்யபிரியா என்ற பெண் நிதானமாக விளக்கினாள்.

“ஏலத்தொகை மட்டும் இல்ல சார். தேடுறவங்களுக்கு உங்க விளம்பரம் எவ்ளோ பொருத்தம்னு பத்துக்கு மார்க் போடுவாங்க. மார்க் நல்லா இருந்தா கம்மி காசுலயே மேல வரலாம். உங்களுக்கு மூணு.”

மாமா, நான் பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு கேவலமாக மார்க் வாங்கியதில்லை. ‘தரமே எங்கள் உயிர்மூச்சு’ என்று போட்டிருக்கிறேனே என்றால், அதில் கொசு என்ற வார்த்தையே இல்லையாம். கௌரவமாக இருக்காது என்று நான்தான் கொசுவை விட்டுவிட்டேன். தொட்டு உள்ளே போனால் குடியிருப்போர் சங்கத்தில் எனக்குச் சால்வை போர்த்திய வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறதாம், அது திறப்பதற்குள் வந்தவர் ஓடிவிடுகிறாராம்.

அன்று சாயங்காலம் வயிற்றெரிச்சல் தாங்காமல், முகிலனுக்கும் செலவு வைப்போம் என்று அவர் விளம்பரத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டேன். அதில் ஒரு தொடுதல் போன் காலாகப் போய்விட்டது. “அண்ணா, சொல்லுங்கண்ணா” என்கிறார். எனக்கு நாக்கு குழறி, நம் வீட்டு ஜன்னலுக்கு வலை வேண்டும் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். கொசுவலைக்காரன் வீட்டுக்கு இன்னொரு கொசுவலைக்காரன். அவர் சிரிக்கக்கூட இல்லை மாமா. மறுநாளே வந்து மாட்டினார், காசு வேண்டாம் என்றார், ஜெயஸ்ரீ கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, நான் கேட்டதற்காக, தன் மார்க் ஒன்பது என்றும் ஒரு தொடுதலுக்கு நான் கட்டுவதில் பாதிகூடத் தனக்கு ஆவதில்லை என்றும் சொன்னார். வலையும் நன்றாகவே இருக்கிறது. அதுதான் பெரிய பேஜார்.

ஆகையால் தாங்கள் ஒரு வார்த்தை சொல்லி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அவருக்கு, இந்தப் பக்கம் எனக்கு என்று பிரித்துவிட வேண்டும். பொங்கலன்று பந்தியில் அவரைப் புகழும்போது நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

அத்தைக்கு என் நமஸ்காரம். தங்கள் முழங்கால் வலி சீக்கிரம் குறைய வேண்டும்.

தங்கள் ஆசியை நாடும்,
ஹரிபிரசாத்

பி.கு.: உறையில் போடப்போன நேரத்தில் ஜெயஸ்ரீ இதைப் படித்துவிட்டாள். “முகிலனுக்கு அந்த விளம்பரத்த எழுதிக் குடுத்ததே நான்தான். மொதல்ல உங்களுக்குத்தான் எழுதறேன்னேன், உனக்கு இன்னா தெரியும்னீங்க” என்கிறாள். கடிதத்தைக் கிழிக்கப் போனேன்; அப்பா படித்துச் சிரிக்கட்டும், போடுங்கள் என்று பிடுங்கிக்கொண்டாள். ஆகவே முகிலனிடம் ஒன்றும் கேட்க வேண்டாம், அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று பிரிக்கவும் வேண்டாம். இப்போது எனக்கும் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவருக்கு எழுதியதைவிட எனக்குக் கொஞ்சம் நன்றாக எழுதச் சொல்லி, தங்கள் மகளுக்கு மட்டும் ஒரு போன் போடுங்கள்.