வெளிய போங்கோ அன்ரி

மெல்பேர்ணில் தமிழ்த் தகப்பன்மாரை ஆகக் கூடுதலாகத் துரத்தியவர் யாரென்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: வெளிய போங்கோ அன்ரி. அவருடைய சொந்தப் பெயர் அவருடைய கணவருக்கே நினைவிருந்ததோ தெரியாது.

இளைப்பாறிய தாதி. முழங்கால் வருத்தம். நடனத்தில் ஓர் அடவுகூடத் தெரியாது. ஆனாலும் இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டிய காலத்தில், கிரான்பர்ன் புறநகரில் ஒரு மண்டபத்தை எடுத்து, பதின்ம வயதுப் பெண்பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை நடன வகுப்புத் தொடங்கினார். "பிள்ளையளின்ர மனசுக்கு நல்லது" என்று கோயிலில் சொன்னதுதான் பிழை.

"எங்கட பிள்ளைக்கென்ன விசரோ?" என்று தாய்மார் சீறினார்கள். முதல் வகுப்புக்கு ஈ காக்கைகூட வரவில்லை.

அடுத்த கிழமை அன்ரி அதே கோயிலில் அறிவித்தார்: "வகுப்பு நிரம்பிட்டுது. இனி இடமில்லை."

அவ்வளவுதான். சர்க்கரைப் பொங்கல் ஆறுமுன் தாய்மார் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். என் மனைவியும் இடிபட்டு ஓர் இடம் பிடித்தாள். எங்களுக்கு அது தேவையாயிருந்தது. ஒன்பதாம் வகுப்புக்குப் போனதிலிருந்து மகள் சாத்திய அறைக்கதவைத் திறப்பதேயில்லை. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வருவோம். எதைக் கேட்டாலும் "ஐம் ஃபைன், அப்பா" என்பாள். பயத்தில் எனக்கு நித்திரையே போய்விட்டது.

அன்ரியின் வகுப்பில் கண்ணாடி இல்லை, அரங்கேற்றம் இல்லை, பெற்றோர் அறவே இல்லை. அது தெரியாமல் முதல் நாள் நான் வீடியோ கமராவும் கையுமாக உள்ளே நுழைந்தேன். கதிரையில் இருந்தபடியே அன்ரி முழங்கினார்.

"வெளிய போங்கோ! நீங்கள் பாத்தால் பிள்ளை உங்களுக்காக ஆடும். அது தனக்காக ஆடட்டும்."

"அன்ரி, ஒரு நிமிசம் மட்டும்..."

"வெளிய!"

இப்படியாகத் தகப்பன்மார் நாங்கள் கார்ப்பார்க்கில் குளிரில் விறைத்தோம். மகனின் பந்தாட்டத்துக்காகப் பக்கத்து மைதானத்துக்கு வரும் ஓர் ஆப்கான்காரர் என் பிளாஸ்க் தேநீருக்குப் பங்காளியானார். "உள்ளே என்ன நடக்கிறது?" என்று ஒருநாள் கேட்டார்.

"சத்தியமாகத் தெரியாது. ஆனால் போன சனிக்கிழமை என் மகள் எங்களோடு மேசையில் இருந்து சாப்பிட்டாள்" என்றேன்.

அவர் வீட்டிலும் ஒரு கதவு சாத்தியே கிடந்திருக்கிறது. அடுத்த கிழமை தன் மகளையும் கூட்டி வந்தார். அன்ரி அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. "உங்கட ஊர் ஆட்டத்தை நீ காட்டு, இவையள் பழகட்டும்" என்று நடுவில் நிறுத்திவிட்டார்.

ஒரு வருடத்துக்குள் அந்தப் பிள்ளையின் தாய் பக்கத்து ஊரான டண்டினோங்கில் தங்கள் ஆட்களுக்கு ஒரு வகுப்புத் தொடங்கினார். உதவிக்கு என் மகளைக் கேட்டார். அவளை இறக்கிவிடப் போன நான், பழக்கதோசத்தில் மண்டபத்துக்குள் தலையை நீட்டினேன்.

"வெளிய!"

கத்தியது அந்த ஆப்கான் தாய். அட்சரம் பிசகாத யாழ்ப்பாணத் தமிழ். நடனத்தோடு சேர்த்து அன்ரியின் சட்டமும் ஊர் தாண்டிவிட்டது.

நான் பாய்ந்து வெளியே வந்தேன். உள்ளே என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலம்! கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன்.

அன்ரி, நீங்கள் நல்லாயிருக்கோணும்.