நகத்தால் தட்டிப் பார்ப்பவர்

தட்டுநர் என்று ஓர் இனம் உண்டு. ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானங்களைக் கட்டி விளையாடும் சங்கம் எங்கே இருந்தாலும் அங்கே இந்த இனத்தில் ஒருவர் இருந்தே தீருவார். இரண்டாவது ஒருவரை எந்தச் சங்கமும் தாங்காது. ஜப்பானில் எங்கள் ஆற்றங்கரைச் சங்கத்துக்கு வாய்த்தவர் இசோகாய் சான். ('சான்' என்பது எங்கள் ஊர் 'அவர்கள்'.)

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மற்றவர்கள் வந்து புல் வெட்டி, கல் பொறுக்கி, ஓடுபாதையைச் சமன்செய்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்காரும் அந்த நொடியில், அதாவது சரியாக எட்டரைக்கு, அவர் வருவார். வந்ததும் வரிசையாக நிற்கும் விமானங்களின் இறக்கைகளை ஆள்காட்டி விரல் நகத்தால் ஒவ்வொன்றாகத் தட்டுவார். காதைச் சாய்த்துக் கேட்பார். பெருமூச்சு விடுவார்.

"ம்ம்... மரம்."

அந்த ஒரு சொல்லில் எவ்வளவு இரக்கம் என்கிறீர்கள்! ஏதோ வீட்டில் சாவு விழுந்ததை விசாரிப்பதுபோல இருக்கும். மரம் ஈரத்தில் வளையும், வெயிலில் முறுக்கும், தரையில் உரசினால் நொறுங்கும். கார்பன் இழையோ வளையாது, முறுக்காது, உடையாது. இதை மூன்று வருடங்களாக, மடக்கு நாற்காலியில் சாய்ந்து பார்லித் தேநீரைக் குடித்தபடி அவர் சொல்லிவருகிறார்.

அவருடைய கார்பன் விமானமும் மூன்று வருடங்களாக பஞ்சு வைத்த உறைக்குள் வந்து அந்த உறைக்குள்ளேயே திரும்பிப் போகிறது. ஏன் பறக்கவில்லை? ஒரு வாரம் காற்று. ஒரு வாரம் பனி. ஒரு வாரம் தும்பிகள் அதிகம். தும்பிகள்!

இந்த வருடம் அவர் வாயே அவரை மாட்டிவிட்டது. மாகாணப் போட்டிக்குச் சங்கத்தின் சார்பில் ஒருவர்தான் போகலாம். நான்கு வருடங்களாகப் போய்வருபவர் மொமோசே சான், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். சமையலறை மேசையில் பால்சா என்கிற எடையில்லாத மரத்தைச் சீவிச் சீவி விமானம் கட்டுகிற மனிதர்; மிசோ சூப்பில் மரத்தூள் மிதக்கிறது என்று அவர் மனைவி சங்கத் தலைவரிடமே புகார் சொன்னதுண்டு.

"தீக்குச்சிய ஒட்டி அனுப்புறோம், மத்த ஊர்க்காரன் சிரிக்கிறான்" என்றார் இசோகாய் சான், கூட்டத்தில்.

"அப்ப நீங்களும் பறக்க விடுங்களேன். ரெண்டுல நல்லாப் பறக்குறது போகட்டும்" என்றார் தலைவர் சுருமி சான்.

அன்றிரவு இசோகாய் சானுக்குத் தூக்கம் வரவில்லை. போட்டி போனால் போகிறது. ஆனால் மூன்று வருடப் பேச்சு பொய்த்துவிட்டால்? பேச்சைக் கழித்துவிட்டால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

அக்டோபர் மூன்றாம் ஞாயிறு. புது விமானம் முதல்முறை மேலே போகுமுன் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்வார். உரிமையாளர் ரிமோட்டின் வீச்சைக் குறைத்துவைத்து முப்பது தப்படி நடந்து போய் அங்கிருந்து அதன் குச்சியை அசைப்பார். விமானத்தின் வால் ஆட வேண்டும். ஆடினால் ரேடியோ அலை ஒழுங்காக வந்து சேர்கிறது என்று அர்த்தம். இசோகாய் சான் நடந்தார். வால் ஆடியது. எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் நடக்கும்போது விமானத்தின் கார்பன் மேல்மூடியைக் கழற்றிவைத்திருந்தார். எதற்கு? உள்ளே கார்பன் நெசவு எவ்வளவு அழகு என்று சங்கம் பார்க்க வேண்டாமா!

விமானத்தைப் பிடித்திருந்த மொமோசே சான் மெதுவாகச் சொன்னார்: "மூடியப் போட்டுட்டு இன்னொரு தடவ நடந்து பாத்துருங்களேன். ஆன்டெனா உள்ளதான இருக்கு? கார்பன் அலைய மறைச்சிரும்னு சொல்றாங்க."

"மொமோசே சான், மரத்தோட பழகிப் பழகி உங்களுக்கு எதப் பாத்தாலும் பயம்."

மூடி மூடப்பட்டது. விமானம் எழும்பியது. அழகாகத்தான் எழும்பியது, பொய் சொல்லக் கூடாது. பக்கத்தில் இரண்டு சுற்று வந்தது. இசோகாய் சானின் முகத்தில் மூன்று வருடம் காணாத சிரிப்பு. மூன்றாம் சுற்றில் பாலத்தை நோக்கித் தூரமாகப் போனது, போனதுதான். திரும்பு என்றால் திரும்பவில்லை. மோட்டார் நின்றது. அவர் ரிமோட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையோரமாக ஓடினார், பாவம், அறுபத்திரண்டு வயதில். விமானம் நாணல் சேற்றில் மூக்குக் குத்தி நின்றது.

ரப்பர் பூட்ஸ் போட்டு இறங்கி அதைத் தூக்கிவந்தவர் மொமோசே சான். இசோகாய் சான் சேற்றைத் துடைத்தார். தடவினார். நகத்தால் தட்டினார்.

"பாத்தீங்களா? ஒரு கீறல் இல்ல! மரமா இருந்தா அப்பளமா நொறுங்கிருக்கும்!"

பிறகு மொமோசே சானின் தீக்குச்சி மேலே போனது, கவிழ்ந்தது, நிமிர்ந்தது, புல்லில் பூப்போல இறங்கியது. போட்டிக்குப் போவது யார் என்று தலைவர் சொல்லவே தேவைப்படவில்லை. இசோகாய் சான் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தன் சோற்று உருண்டையைப் பிரித்தார். எனக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது. இனி இவர் வரமாட்டார் என்று நினைத்தேன்.

எட்டரைக்கு வந்தார், அடுத்த ஞாயிறே. நேராக மொமோசே சானிடம் போய் அவர் விமானத்தின் இறக்கையைத் தட்டினார்.

"ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, மொமோசே சான். கார்பன் அலைய மறைக்கும். ஆன்டெனா வெளிய நீட்டிட்டு இருக்கணும். நடந்து பாக்குறதா இருந்தா மூடியப் போட்டுட்டுத்தான் நடக்கணும். இந்தச் சங்கத்துல ஒருத்தருக்காவது இது தெரியுதா? என் நேரம்!"

"அப்படிங்களா" என்றார் மொமோசே சான். தேநீரை ஒரு வாய் குடித்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கார்பன் அலையை மறைக்கும் என்பது உங்களுக்குச் சற்று முன்புதான் தெரிந்தது. நாளைக்கே யாராவது உங்களிடம் மாதிரி விமானத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "ஆன்டெனாவை எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்காமல் உங்களால் இருக்க முடியுமா? கேட்குமுன் உங்கள் ஆள்காட்டி விரல் எதையாவது தட்டிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.