ஒரே பக்கம் முறுக்கிய கயிறு

எட்டாம் வகுப்பு படித்தவளுக்கு எல்லாம் தெரியும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாகத்தான் நம்பினேன். வெள்ளை வேட்டியில் வந்த ஓர் அதிகாரி சிவப்பு வேட்டியோடு ஊர் திரும்பியதற்கும், அதைவிட மோசமான ஒன்றுக்கும் அந்த நம்பிக்கைதான் காரணம்.

அறுபதுகளின் கடைசி. நான் கல்யாணமாகிக் கண்டரமாணிக்கத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பக்கத்தில் விவசாயப் பொருட்காட்சி நடந்தது. ஒரு பக்கம் ஆடுமாடுகள் (எங்கள் வீட்டுக் கிடாயும் அதில் உண்டு), மறுபக்கம் பெண்களின் கைவேலை. என் ஓரகத்தி வள்ளிக்கண்ணு அக்கா கற்றாழை நாரில் திரிக்கும் கயிற்றில் யானையையே கட்டலாம். சின்ன வயதிலேயே கணவரை இழந்து, ஒரு பெண் குழந்தையோடு இருந்தவர். பார்வையிட வரும் அதிகாரி, நன்றாகச் செய்துகாட்டுகிறவரைப் புதிய பயிற்சி நிலையத்துக்கு ஆசிரியையாகச் சிபாரிசு செய்வார் என்று, ஊர்ப் பெண்களுக்கான அரசு ஊழியரான கிராமசேவிகா சொல்லியிருந்தார். அது அக்காவுக்குக் கிடைக்க வேண்டும் என்று வீடே வேண்டிக்கொண்டது. (நானும்தான். சத்தியமாக.)

அன்று காலை எனக்கு ஒரு பொல்லாத யோசனை வந்தது.

"அக்கா, ஆபீசர் ஏதாவது கேட்டா நீங்க பேந்தப் பேந்த முழிப்பீக. நான் உக்காந்து முறுக்கிக்கிட்டே விளக்கமாச் சொல்லிருறேன், உங்க பேரச் சொல்லி. நீங்க நம்ம கிடாயப் பிடிச்சுக்கங்க."

அவர் கையிலிருந்த நாரை என்னிடம் கொடுத்தார். பிறகு கிடாயைப் பிடித்துக்கொண்டார். நான் அதுவரை கயிறு திரித்துப் பழகியது மொத்தம் மூன்று நாள்.

அதிகாரி வந்ததும் நான் மடை திறந்தேன். கற்றாழையின் பெருமை, நாரின் பெருமை, என் பெருமை. (அக்கா பெயர் மட்டும் மறந்துபோயிற்று.) தனித்தனிப் புரியை வலப்பக்கம் முறுக்கினால், இரண்டையும் சேர்க்கும்போது இடப்பக்கம் முறுக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நான் பேச்சு மும்முரத்தில் எல்லாவற்றையும் ஒரே பக்கம் முறுக்கினேன்.

"ஏத்தா, மாத்தி முறுக்கணும். பிரிச்சிரு" என்று அக்கா காதோரம் முணுமுணுத்தார்.

"சும்மா இருங்கக்கா, ஆபீசர் பாக்குறாக!"

அதோடு விட்டேனா? கிடாயின் பழைய கயிற்றை அவிழ்த்துவிட்டு, என் கயிற்றால் அதைக் கம்பத்தில் கட்டினேன். "எவ்வளவு இழுத்தாலும் தாங்கும், பாருங்க சார்!"

கிடாய் இரண்டு சுற்றுச் சுற்றியது. கயிறு புரி பிரிந்து தலைவிரிகோலமானது, கிடாய் விடுபட்டது. அதே நேரம் அதிகாரி கயிற்றைப் பார்க்கிறேன் என்று குனிந்தார். குனிந்த தலையைக் கண்டால் எந்தக் கிடாய்தான் சும்மா இருக்கும்? முட்டிய முட்டில், பின்னால் நாருக்குச் சிவப்புச் சாயம் கரைத்து வைத்திருந்த அண்டாவுக்குள் போய் உட்கார்ந்தார்.

சிபாரிசு வேறு ஊருக்குப் போனது. அக்கா அதன்பிறகு பல வருஷம் அடுத்தவர் வயலில் களையெடுத்துத்தான் மகளை வளர்த்தார். அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் வீட்டில் யார் தொட்டில் கட்டினாலும், "கயிறு சின்னத்தா முறுக்குனதா? அப்பப் பிள்ளைய இடுப்புலயே வச்சுக்கங்க" என்று யாராவது சொல்வார்கள். (சின்னத்தா நான்தான்.) வீடே சிரிக்கும். அக்காவும் சிரிப்பார். அவருடைய பேத்தியின் பிள்ளைக்குத் தொட்டில் கட்டிய அன்று, சிரிப்பு ஓய்ந்த பிறகு மெதுவாக அவரிடம் ஆரம்பித்தேன்.

"அக்கா, அந்தக் கிடா மட்டும் அன்னைக்கு முட்டாம இருந்திருந்தா..."

"கிடாய விடுத்தா" என்றார் அக்கா. "அது முட்டாட்டியும் அங்க என் இடத்துல உக்காந்திருந்தது நீதான?"

உள்ளிருந்து பிள்ளை அழுதது. அவர் எழுந்து போய்விட்டார்.