யானைக்குட்டிக்கு அப்பா

பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பிறகே கருணை சுரக்கத் தொடங்கும் ஓர் இனம் நம் நடுவே நடமாடிக்கொண்டிருக்கிறது. ஊரை விட்டுக் கிளம்பும்வரை இவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. பார்ப்பதற்கு உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார்கள். ஒரே ஒரு தடவை விமானம் ஏறி, தாயில்லாத காட்டு விலங்குக் குட்டிகளை வளர்க்கும் காப்பகம் ஒன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரட்டும், அப்புறம் தெரியும். நீங்கள் பாவம், "சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்டிருப்பீர்கள். அவர் "யானைக்குட்டி எவ்வளவு பால் குடிக்கும் தெரியுமா?" என்று ஆரம்பித்து, கைபேசியை உங்கள் மூக்குக்கு நேரே நீட்டி, இரண்டு விரலால் படத்தை அகட்டி அகட்டிக் காட்டி, கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டு, "அங்கெல்லாம்..." என்று பெருமூச்சு விடுவார். 'அங்கெல்லாம்' என்பதுதான் இந்த இனத்தின் அடையாளச் சொல். அது காதில் விழுந்ததும் பேருந்து வந்துவிட்டதாகச் சொல்லி ஓடிவிடுவது உத்தமம்.

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் கம்பி மொத்த வியாபாரம் செய்யும் வேதமாணிக்கம் அண்ணாச்சி இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி. நாமாவது ஓடிவிடலாம். அவர் மனைவி தங்கபுஷ்பம் எங்கே ஓடுவாள்? ஒரே வீடு.

மகன் ஜெபின் நைரோபியில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்க இருவரும் போன இடத்தில்தான் அண்ணாச்சிக்கு இது பிடித்தது. காப்பகத்தில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் செம்மண்ணில் புரளும் யானைக்குட்டிகள், இந்தப் பக்கம் அண்ணாச்சி. பார்த்த மாத்திரத்தில் உருகி, தாயை இழந்த பெண் குட்டி ஒன்றைத் தத்தெடுத்துவிட்டார். தத்து என்றால் மடியில் போட்டுக்கொள்வது இல்லை. கார்டைத் தேய்த்தால் சான்றிதழ் கொடுப்பார்கள். குட்டி அங்கேயே இருக்கும், அப்பா இங்கே இருப்பார். இதைவிடச் சௌகரியமான பிள்ளை வளர்ப்பு உண்டா? திருவொற்றியூர் வீட்டு வரவேற்பறையில் கல்யாணப் படத்தைக் கொஞ்சம் ஓரங்கட்டிவிட்டு அந்தச் சான்றிதழ் ஏறியது. அங்கே குட்டிகளுக்குப் போர்த்துவது போலவே சிவப்புக் கட்டம் போட்ட கம்பளி ஒன்றும் வாங்கி வந்து கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொண்டார்.

குட்டியின் பெயர் முவேசி. அந்த ஊர்ப் பாஷையில் நிலா என்று அர்த்தமாம். கம்பிகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் சுமை தூக்கும் கிருஷ்ணப்பனைக் கூப்பிட்டுப் படம் காட்டினார்.

"இன்னா அண்ணாச்சி, பெத்த பொண்ணு மாதிரின்றீங்கோ, மூதேவின்னு பேர் வச்சுக்கிறீங்கோ!"

"மூதேவி இல்லப்பா, முவேசி!"

"இன்னாவோ அண்ணாச்சி, கொயந்த நல்லாருந்தா சரி."

தண்டையார்பேட்டை சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் திரை கட்டிப் படம் போட்டு அண்ணாச்சி பேசினார். குட்டி தூங்கும்போது பராமரிப்பாளர் பக்கத்திலேயே படுத்துக்கொள்வாராம். அங்கெல்லாம் ஒருத்தரும் சத்தம் போட மாட்டார்களாம். அங்கெல்லாம் உயிர் என்றால் எல்லாம் ஒரே உயிர்தானாம். முன்வரிசையில் இருந்த தேவகிருபை டீச்சர் தேம்பியே விட்டார். தங்கபுஷ்பம் மட்டும் கொட்டாவி விட்டாள். முவேசி தும்பிக்கையை நீட்டிய நிமிடம், இதே தகப்பனார் "யம்மா!" என்று அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து சேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது அந்தப் படங்களில் இல்லை.

அந்த வாரமே சந்தைச் சாலையில் ஒரு நாய் டிரெய்லரில் அடிபட்டுச் செத்தது. அண்ணாச்சியின் கிட்டங்கி வாசலிலேயே வளர்ந்த நாய். மறுநாள் மத்தியானம் லோடு ஏற்ற கிரேன் வந்து நிற்கிறது, கிருஷ்ணப்பன் கம்பி அடுக்குக்குக் கீழே குனிந்தவன் நிமிரவே இல்லை.

"அண்ணாச்சி, கம்பி தூக்க முடியாது. அடில நாலு குட்டி கீது. ஆத்தாக்காரி போய்ட்டா, பசில கத்திக்கினு கீதுங்க."

அண்ணாச்சி யாரிடமோ கைபேசியில் முவேசிக்கு வயிற்றுப்போக்கு சரியான செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தார். கையால் கைபேசியைப் பொத்திக்கொண்டு, "சாக்குல போட்டு எங்கயாவது விட்டுட்டு வாப்பா. பார்ட்டி காத்துக் கெடக்காம்லா" என்றார்.

சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்த தங்கபுஷ்பத்தின் காதில் அது விழுந்தது. குனிந்து பார்த்தாள். கண் திறக்காத நான்கு உருண்டைகள், துருப்பொடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இல்லாத மடியைத் தேடிக்கொண்டிருந்தன. சாக்கில் போனால் சாயங்காலம் தாங்காது. அவள் நிமிர்ந்து அண்ணாச்சியைப் பார்த்தாள்.

"ஏங்க, முவேசிக்கும் தாய் செத்துத்தான போச்சு?"

"ஏட்டி, அது யானை!"

"இது நாய்."

"அதத்தான் நானும் சொல்லுதேன்!"

அவள் கேரியரை மேசையில் வைத்தாள். "கிருஷ்ணப்பா, நான் வர்ற வரைக்கும் ஒரு கம்பிய அசைக்கப்படாது."

"நீ போய்ட்டு வாம்மா. கிரேனு ரிப்பேரு" என்றான் கிருஷ்ணப்பன். அதுவரை நன்றாக உறுமிக்கொண்டிருந்த கிரேன், டிரைவர் சாலமன் சாவியைத் திருகியதும் அந்த விநாடியே ரிப்பேர் ஆனது.

ஆட்டோவில் போய்த் திரும்பியவள் கையில் வெதுவெதுப்பான பால், ஜெபினுக்குக் குழந்தையில் புகட்டிய சங்கு, கக்கத்தில் சிவப்புக் கட்டக் கம்பளி. துருவில் அதை விரித்துக் குட்டிகளை எடுத்துப் போட்டாள். அண்ணாச்சி கைபேசியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"ஏட்டி! அது நைரோபி கம்பளிட்டீ!"

தங்கபுஷ்பம் உதட்டில் விரலை வைத்தாள். "மெல்லப் பேசுங்க. அங்கெல்லாம் குட்டி தூங்கும்போது சத்தம் போட மாட்டாவ."

சுமைக்காரர்கள் சிரித்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. அண்ணாச்சி சாலமனுக்கு அடுத்த அடுக்கைக் கை காட்டினார். அவர் சொல்லை அவருக்கே திருப்பிக் கொடுத்தால் அவர் என்னதான் செய்வார்? கிரேன் ரிப்பேர் சரியாகி அங்கிருந்து லோடு ஏறியது. கம்பி வாங்க வந்த பார்ட்டி முணுமுணுத்துக்கொண்டே போனார்.

இத்தோடு இந்த இனம் திருந்திவிடும் என்று நினைத்தால் நீங்கள் அதை அறியாதவர். மறுநாள் காலையில் பார்த்தால் குட்டிகளைச் சுற்றி அண்ணாச்சி கட்டிய நைலான் கயிறு. பார்வையாளர்கள் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். ஒரே ஆள் பால் கொடுத்தால் குட்டி அவரோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் காட்டில் விடும்போது ஏங்கிப்போகும், ஆகவே முறை வைத்து ஆள் மாற வேண்டும்.

"எந்தக் காட்ல அண்ணாச்சி வுடப் போறோம்?" என்றான் கிருஷ்ணப்பன்.

"சாத்தாங்காடுன்னுதானப்பா பேரு!"

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் எல்லோரும் டீக்குப் போயிருந்த நேரம் தங்கபுஷ்பம் வந்தாள். கைபேசி மேசையில் கிடந்தது. அண்ணாச்சி கயிற்றைத் தாண்டி உள்ளே உட்கார்ந்து, வெள்ளை வேட்டியெல்லாம் துருவாக, ஒரு குட்டியின் வாயில் சுண்டுவிரலைக் கொடுத்துக்கொண்டு, "பல்லு வந்துட்டோ, பல்லு வந்துட்டோ" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். அவளுக்கு அந்த மனுஷன்மேல் ரொம்ப நாளைக்கப்புறம் ஆசை ஆசையாக வந்தது. அவர் வெட்கப்படக் கூடாதே என்று சத்தமில்லாமல் வெளியே போய், பிறகு செருப்பைத் தேய்த்துக்கொண்டு மறுபடி வந்தாள்.

இந்த இடத்தில் உங்களுக்கும் நெஞ்சு லேசாக இளகியிருக்கும். தாயில்லாத நான்கு குட்டிகள் பிழைத்துவிட்டன அல்லவா? நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இதைப் படிக்க உட்கார்ந்தபோது உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஏதோ ஒன்று கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்ததே. சத்தம் தாங்காமல் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்துதானே மீதியைப் படித்தீர்கள்? உங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் சாத்தாங்காடும் நைரோபிதான்.