கொப்ரல் கன்னையா தன் முறையை விட்டுக்கொடுத்த விவரம்

ரத்தக்குழாய் அறுவைச் சிகிச்சை நிபுணரும், எனக்குப் பதினேழு வருஷம் பின்னால் பிறந்தவருமான டாக்டர் யுகேந்திரன் அவர்களுக்கு, கம்போங் மேடான் ப்ளாட் ஐந்தாவது மாடியிலிருந்து அக்காள் பவுனம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே லிப்ட் நீங்கலாக எல்லாரும் சௌக்கியம். எல்லாரும் என்றால், இருக்கிறவர்கள். அங்கே தாங்களும், தங்கள் மனைவி லோகேஸ்வரியும், பன்னிரண்டு நாளாகத் தாங்கள் எடுத்துப் பேசாத அந்தக் கைப்பேசியும் சௌக்கியமாக இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன்.

என்ன அக்காள் தாங்கள் என்று எழுதுகிறாள் என்று பார்க்க வேண்டாம். பெரிய இடத்துக்கு எழுதும்போது அப்படித்தான் எழுத வேண்டும் என்று தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும் சொல்லிக்கொடுத்தார்கள், அதற்கு மேல் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எழுத வந்த விஷயம் இரண்டு. நேற்று லோகேஸ்வரி போன் பண்ணினாள். நீ வேலையை விடுவதாக லெட்டர் எழுதி மேசைமேல் வைத்திருக்கிறாய், திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறாய் என்று சொல்லி அழுதாள். ரொம்ப சந்தோஷம். முன்னாள் ராணுவக்காரர்களுக்கென்று அரசாங்கம் கட்டி வைத்த ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் கத்தி பிடித்தவன், சொந்த மாமாவைக் காப்பாற்ற முடியவில்லை என்று கத்தியைக் கீழே போடுகிறானாம். உனக்கு எவ்வளவு சௌகரியம் பார். நான் எந்த வேலையை விடுவது? எனக்கிருந்த பெண்டாட்டி வேலை தானாகவே போய்விட்டது. அடுத்த விஷயம், வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் மாமாவுக்குப் பதினாறாம் நாள் கருமக்கிரியை. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை எனக்குப் போர்த்த வேண்டியவன் நீ ஒருவன்தான். செத்த அன்றைக்கே வீட்டுப்பக்கம் வராதவன் பதினாறுக்கா வரப் போகிறாய். வர வேண்டாம். நான் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் எனக்கு ஒன்று எடுத்து, எனக்கு நானே போர்த்திக்கொள்கிறேன். கை எட்டும்.

உன்மேல் ஒரு புகார் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். புகார் என்றால் முதலிலிருந்து எழுத வேண்டுமாம், ஆகையால் நீ பார்த்ததையே உனக்குத் திரும்ப எழுதுகிறேன், பொறுத்துக்கொள். உன் மாமாவின் வயிற்றுக்குள்ளே பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருக்கிறது, வெடிப்பதற்குள் ஆபரேஷன் பண்ணிவிட வேண்டும் என்று நீதான் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னாய். நீதான் வார்டில் சேர்த்தாய். அந்த வார்டில் யாருக்கும் பேர் கிடையாது, ரேங்க்தான். ஸ்டாப் சார்ஜனுக்கு மலச்சிக்கல், கொப்ரலுக்குக் கஞ்சி, லான்ஸ் கொப்ரல் குளிக்கப் போயிருக்கிறார் என்றுதான் நர்ஸ் மிஸ்ஸிமார்களும் பேசிக்கொண்டார்கள். நீ காலையில் ரவுண்ட்ஸ் வந்தால் நிற்க முடிந்த கிழவர்கள் எல்லாரும் கட்டில் பக்கத்தில் எழுந்து விறைப்பாக நிற்பார்கள். வீட்டில் உன்னை "டேய் யுகா, கீழ போய் ரெண்டு தே தாரிக் வாங்கிட்டு வாடா" என்று டீக்கு அனுப்பின மனுஷன், அங்கே உன்னைக் கண்டதும் "துவான்" என்று ஆபீசரைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டு சல்யூட் அடித்தார். துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்காத உனக்கு. அதுவும் அந்த ஆஸ்பத்திரி கவுனைப் போட்டுக்கொண்டு. முன்பக்கம் சல்யூட், பின்பக்கம் திறந்து கிடக்கிறது. எதிர்க் கட்டில்காரர்களைப் பார்க்க வந்த பொம்பிளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஜன்னல் வழியாக மோனோரயிலைப் பார்த்தார்கள். அந்த ஜன்னலில் மோனோரயில் தெரியாது.

பெரிய ஆபரேஷன் செவ்வாய்க்கிழமைதான், அதுவும் ஒன்றுதான், முடிந்த பிறகு போட்டு வைக்க ஐசியூவில் ஒரு கட்டில்தான் காலி என்று சொன்னாய். முதல் செவ்வாய்க்கிழமை உன் மாமா தலைக்குத் தொப்பி மாட்டி, தள்ளுகட்டிலில் படுத்து, தியேட்டர் வாசல் வரைக்கும் போய்விட்டார். பக்கத்தில் இன்னொரு தள்ளுகட்டில். அதில் எண்பத்திரண்டு வயசு மலாய்க்காரர், சார்ஜன் மேஜர் ஒஸ்மான். அவரைச் சும்மா ஸ்கேனுக்குக் கொண்டுபோகிறார்கள். அவருக்கும் ஆபரேஷன் வேண்டும், அடுத்த வாரம்தான் தேதி. உன் மாமா சும்மா இருக்க வேண்டியதுதானே. மலாயில் ரேங்க் என்ன என்று கேட்டார், அவரும் சொன்னார். உடனே இவர் படுத்த இடத்தில் எழுந்து நிற்கப் பார்க்கிறார். தள்ளுகிற பையனுக்கு உயிர் போய்விட்டது.

"அங்கிள், படுங்க லா. நீங்க விழுந்தா நான்தான் ரிப்போர்ட் எழுதணும்."

"அவர் முன்னால. நான் பின்னால."

"இது பஸ் இல்ல அங்கிள்."

நீ பச்சைச் சட்டையோடு வெளியே ஓடி வந்தாய். "மாமா, ப்ளீஸ் மாமா, அது எப்ப வேணாலும் வெடிக்கும்" என்று கெஞ்சினாய். அவர் என்ன சொன்னார்? "வெடிக்கட்டும் துவான். சார்ஜன் மேஜருக்கு முன்னால வெடிக்கிறது மரியாதை இல்ல" என்றார். கையெழுத்துப் போட மாட்டேன் என்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கையெழுத்து இல்லாமல் கவர்மெண்டில் ஒரு கட்டியைக்கூடக் கீற முடியாதாம். சார்ஜன் மேஜர் அன்றைக்கே அறுபட்டுப் பிழைத்துக்கொண்டார்.

ரெண்டாவது செவ்வாய்க்கிழமை அந்த மலச்சிக்கல் ஸ்டாப் சார்ஜன். இவர் ரேங்கைக் கேட்கக்கூட இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமையில் வார்டும் இல்லை. அன்றைக்கு நானும் ஆனமட்டும் பார்த்தேன்.

"ஏங்க, இருபத்தொரு வருஷம் ராணுவத்துல லோரி ஓட்டுனீங்க, நாப்பத்திரண்டு வருஷம் என்கூடக் குடும்பம் பண்ணீங்க. கணக்குப்படி நான்தானே உங்களுக்கு மேஜர். நான் சொல்றேன், உள்ள போங்க."

"பவுனு, நீ சிவிலியன்."

மூன்றாவது செவ்வாய்க்கிழமை கிள்ளானிலிருந்து அழகிரி வந்து சேர்ந்தார். இனிப்பு நீர் வியாதிக்காரர், வலது கால் விரல் கறுத்துப் போய், ரத்தம் ஓட வழி பண்ணாவிட்டால் முழங்காலோடு எடுக்க வேண்டும் என்றாய். அவரும் கொப்ரல். ஒரே ரேங்க், இனிமேல் மாமா தப்பிக்க முடியாது என்று நீ கான்டீனில் எனக்கு மைலோ வாங்கிக்கொடுத்துச் சிரித்தாய். அங்கேயும் மண் விழுந்தது. இரண்டு கிழவர்களும் ராணுவ நம்பரை ஒப்பிட்டுப் பார்த்தார்களாம், அழகிரி நாலு மாதம் முந்திச் சேர்ந்தவராம், ஆகவே அவர்தான் சீனியராம். உன்னிடம் நான் வந்து சொன்னேன். நீ தலையில் கை வைத்தாய். பிறகு வார்டில் கட்டில் பற்றவில்லை, வீட்டுக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை வாருங்கள் மாமா என்று சீட்டில் கையெழுத்துப் போட்டாய்.

சனிக்கிழமை காலையிலேயே அவர் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டார். "அங்க போனா சட்டையைக் கழட்டிட்டு அந்தத் திறந்த கவுனைத்தான் குடுப்பாங்க, அதுக்கு எதுக்கு இம்புட்டு மடிப்பு" என்று கேட்டேன். "கவுன் வரைக்கும் போகணும்ல" என்றார். அதுதான் பேசினது. நான் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்த்தபோது சட்டைமேல் சாய்ந்திருந்தார். நான் முதலில் செய்தது இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தது. ஏன் அதை முதலில் செய்தேன் என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை.

இப்போது புகார். முதல் இரண்டு தடவையும் நீ அந்த மனுஷனிடம் கெஞ்சினாய். மாமா, மாமா என்று கையைப் பிடித்தாய். எம்.பி.பி.எஸ். படித்தாய், அதற்கு மேல் இங்கிலாந்து போய் என்னமோ படித்தாய், உன் மாமாவை மட்டும் படிக்கவில்லை. அவர் கெஞ்சினால் கேட்கிற ஆளா? "கொப்ரல் கன்னையா, உள்ளே போ, இது ஆர்டர்" என்று நீ ஒரு சத்தம் போட்டிருந்தால், தள்ளுகட்டில்கூட வேண்டாம், அவராகவே நடந்து போய்ப் படுத்து வயிற்றைக் காட்டியிருப்பார். உன்னைத்தான் துவான் என்றாரே. அவர் கொடுத்த பதவியை நீ ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? அக்காள் புருஷனிடம் மரியாதை காட்டினாயாம். அவர் சார்ஜன் மேஜருக்கு மரியாதை காட்டினார், நீ அவருக்கு மரியாதை காட்டினாய், மரியாதை தெரியாத ரத்தக்குழாய் வெடித்துவிட்டது.

நீ வராத சாவையும் கேட்டுக்கொள். நீ அனுப்பிவைத்த மலர் வளையம் வந்தது, நல்ல பெரிசு, கதவுக்குள் நுழையவில்லை. பெட்டியைத் தூக்குகிற நேரம் பார்த்து லிப்ட் நின்றுவிட்டது. படிக்கட்டில்தான் இறக்க வேண்டும். வார்டுக் கிழவர்கள் ஏழெட்டுப் பேர் மெடல் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், தலைமாட்டைப் பிடிக்க எவன் சீனியர் என்று அங்கேயும் கூட்டம் போட்டார்கள். பெற்ற மகன் தனேஷைப் பார்த்து, "நீ சிவிலியன் தம்பி, பின்னால வா" என்றார்கள். சார்ஜன் மேஜர் ஒஸ்மான் தையல் பிரிக்காத வயிற்றோடு வந்து, "கிரி, கானான், கிரி, கானான்" என்று இடது வலது போட்டார். அவருக்கு முன்னால் யாரும் போகக் கூடாதே, அதனால் அவர்தான் முதலில் இறங்கினார், ஒரு படிக்கு ஒரு நிமிஷம். சவ வண்டி டிரைவர் மூன்று மாடி ஏறி வந்து பார்த்தார்.

"போஸ், சுடுகாட்டுல பன்னெண்டுக்கு டைம் குடுத்திருக்காங்க லா. சீக்கிரம்."

சார்ஜன் மேஜர் நின்றார். சுவரோரமாக ஒதுங்கி, எனக்கு வழி விட்டவன் இவன், இன்றைக்கு இவன் முன்னால் போகட்டும் என்று மலாயில் சொல்லி, பெட்டிக்கு சல்யூட் வைத்தார். கிழவர்கள் எல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இதை மூன்று வாரத்துக்கு முன்னால் சொல்வதற்கு என்னய்யா கேடு என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை, எனக்கு மலாய் அவ்வளவு வராது.

ஆகையால் தம்பி, நீ தாராளமாக வேலையை விடு. அடுத்த செவ்வாய்க்கிழமை வருகிறவர்கள் தங்களுக்குள்ளேயே ரேங்க் பார்த்து ஒருத்தரை ஒருத்தர் அறுத்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். லோகேஸ்வரியின் தாலி பாக்கியம் நிலைக்கட்டும், உன் பிள்ளைகள் நல்ல படிப்புப் படிக்கட்டும், முடிந்தால் டாக்டர் படிப்பு வேண்டாம்.

இப்படிக்கு,
மறைந்த கொப்ரல் கன்னையாவின் மனைவி, சிவிலியன்
பவுனம்மாள்

பின்குறிப்பு: ஒட்டின கவரைப் பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதினதில் நம்பர் விஷயம் பொய். அன்றைக்கு உன்னிடம் வந்து சொன்னதும் அதே பொய்தான். நம்பர் பார்த்தது நிஜம், ஆனால் நாலு மாதம் சீனியர் உன் மாமாதான். "இன்னிக்கு நான்தான் முன்னால, பவுனு" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பேனா கேட்டார். அப்போது அழகிரியின் பெண்சாதி சீதாலெட்சுமி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, புருஷன் கால் போய்விட்டால் மாடிவீட்டில் எப்படி வைத்துக் காப்பாற்றுவேன் அக்கா என்று என் கையைப் பிடித்து அழுதுகொண்டிருந்தாள். நான்தான் எழுந்து போய் உன் மாமாவின் காதில் சொன்னேன், "ஏங்க, இவ்வளவு நாள் ஒண்ணும் ஆகல, இன்னும் ஒரு வாரத்துல என்ன ஆயிடப் போகுது, அவரை விடுங்க" என்று. என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி பவுனு" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் சொன்னதை மறுபேச்சுப் பேசாமல் அவர் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

தனேஷுக்குத் தெரியாது. சீதாலெட்சுமிக்கும் தெரியாது, அவள் ஞாயிற்றுக்கிழமை அழகிரியை நடத்தியே கூட்டி வருகிறாளாம். அவர்கள் முன்னால் நான் தனியாக உட்கார முடியாது. அந்த லெட்டரைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிடு, யுகா.