பூட்டு அண்ணனின் இலவசக் கதை

சும்மா கொடுக்கிற பொருளுக்குப் பூட்டுப் போட்ட மனிதர், மலேசியாவின் கெடா மாநிலம் முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும், எங்கள் பூட்டு அண்ணன் ஒருவர்தான். அவரை நினைத்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

லூனாஸில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நான் அங்கே ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. அப்போது மாலை நேரத்தில் டிவியில் ஒரு தொடர் ஓடியது. அதில் மரகதம் என்ற மருமகளை ஒரு வெள்ளிக்கிழமை லாரியில் அடித்துக் கொன்றுவிட்டார்கள். அண்ணன் மறுநாள் லீவு போட்டார். அதற்கு மறுநாள் முகம் வீங்க வந்தவர், மரகதம் சாகவில்லை, மயக்கத்தில்தான் இருக்கிறாள் என்று தானே கதையைத் தொடர்ந்து எழுத ஆரம்பித்துவிட்டார். வாரம் ஓர் அத்தியாயம், யாருக்கும் காசு கிடையாது. அதைப் போனில் படிக்கிற மாதிரி நூலாக்கும் திருப்பணி மட்டும் என் தலையில் விழுந்தது.

முதலில் இ-பப் வடிவத்தில்தான் செய்து கொடுத்தேன். சின்ன போனிலும் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், வரிகள் தாமாகவே மடங்கிக்கொள்ளும். வந்தது வினை. பத்தே நாளில் அந்தக் கதை கோலா கெத்தில் வரை போய், வாட்சப்பில் எங்களிடமே திரும்பி வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் கோப்பைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் மரகதத்தை மறுபடியும் கொன்றிருந்தான். இந்த முறை மஞ்சள் காமாலை.

அண்ணன் ஃபோர்க்லிஃப்டை என் ஜன்னலுக்கு நேரே நிறுத்திவிட்டு வந்தார். அடுத்தவன் கதையில் கை வைக்கிறவனெல்லாம் மனுஷனா என்று கத்தினார். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"நீங்க மட்டும் என்னாண்ணே செஞ்சீங்க? டிவிக்காரன் கதையத்தானே மாத்துனீங்க?"

"அவன் கொன்னான். நான் பொழைக்க வச்சேன். ரெண்டும் ஒண்ணா? மானா போலே லா, அது எப்படி ஒண்ணாகும், தம்பி?"

அன்றோடு இ-பப் ஒழிந்தது. பிடிஎஃப் போடு என்றார், போட்டேன். அதையும் நகலெடுக்கலாம் என்று யாரோ ஓதிவிட்டார்கள். உடனே ஒவ்வொரு பக்கத்தையும் காகிதத்தில் அச்சடித்து, போனில் படம் பிடித்து, அந்தப் படங்களைக் கோத்துப் பிடிஎஃப் ஆக்கச் சொன்னார். பாதிப் பக்கங்களில் அவருடைய கட்டைவிரல் வேறு. அதற்கு மேல் ஒரு பாஸ்வேர்ட், மரகதம் டிவியில் செத்த தேதி. அதை மறந்தவர்களெல்லாம் யாருக்குப் போன் அடித்தார்கள்? எனக்குத்தான். ஒரு மாதம் நான் நாசி லெமாக் சோற்றைச் சூடாகத் தின்றதில்லை. ஊருக்கே இலவசமாகக் கதை கொடுக்கிறவர், அந்த ஊரையே திருடன் என்று நினைத்தால் அது என்ன நியாயம்?

அப்போதுதான் சரோஜா அக்கா கூப்பிட்டார். எங்கள் பேக்கிங் பகுதியில் இருந்தவர். சர்க்கரையில் பார்வை போய் வேலையை விட்டுவிட்டார். போன் வாய்விட்டுப் படிக்கும், அவர் உட்கார்ந்து கதை கேட்பார். படமாகப் போட்ட எழுத்தை அந்தப் போனால் படிக்க முடியவில்லை. அண்ணனிடம் போய்ச் சொன்னேன். யாரையாவது படித்துக் காட்டச் சொல் என்றார். எனக்கு வந்ததே கோபம். அங்கேயே அக்காவுக்குப் போன் போட்டு அண்ணன் கையில் திணித்தேன். ஸ்பீக்கரில் அக்காவின் குரல் வந்தது.

"தம்பி, மரகதம் ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சாளா இல்லையா? நாலு வாரமா போன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. யாருகிட்டயாச்சும் கேக்கலாம்னாலும் பயமா இருக்கு. செத்துட்டான்னு சொல்லிட்டா என்ன பண்றது?"

அண்ணன் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் டீ நேரத்தில் வந்து, எல்லாவற்றையும் இ-பப்பாகவே போடு, பூட்டு வேண்டாம் என்றார். மறுபடியும் எவனாவது கை வைப்பானே என்றேன். அதற்காக முதல் பக்கத்தில் போடச் சொல்லி ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். இரண்டே வரிதான் எழுதியிருந்தார்.

"எப்படி வேணும்னாலும் மாத்திக்கோங்க. அவள மட்டும் கொன்னுடாதீங்க."

கை வைத்தார்கள். திகாம் பத்துவிலிருந்து திரும்பி வந்த கதையில் மரகதத்துக்கு இரட்டைப் பிள்ளை. இன்னொன்றில் சொந்தமாகத் துணிக்கடை. எதிலும் அவளை யாரும் கொல்லவில்லை.

அப்படிச் சுற்றுகிற கதைகளில் ஒன்று நான் மாற்றியது. அது அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது. அதில் ஆஸ்பத்திரியில் கண் விழிக்கும் மரகதம், தன்னைக் காப்பாற்றிய அந்த அண்ணன் சாப்பிட்டாரா என்றுதான் முதலில் கேட்பாள்.