வெள்ளைச் சட்னியும் முட்டை இன்ஸ்பெக்டரும்

விருத்தாசலத்தில் முட்டை இன்ஸ்பெக்டர் விசாரிக்காத சட்னியே கிடையாது. எங்கள் பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்குப் பூச்சு கொடுத்துவந்தவர் அவர். முட்டை நாக்கில் பட்டாலே உதடு இட்லி போல வீங்கிவிடும், மூச்சு அடைக்கும். அதனால் எந்தக் கடை வாசலில் கால் வைத்தாலும் விசாரணைதான்.

"பரோட்டா மாவுல முட்டை இருக்குதா? சால்னாவுல? சரி, இந்தக் கரண்டி முன்னாடி எதுல கெடந்துச்சு?"

கம்மாபுரத்தில் ஒரு சைவக் கல்யாணத்தில் சமையற்காரரைச் சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தார். தாலி கட்டும் நேரத்தில் பாதிக் கூட்டம் சமையற்கட்டில் நின்றது.

"கோழிய மட்டும் எலும்போட முழுங்குறீங்களேண்ணே?" என்று பட்டறையில் சீண்டுவார்கள்.

"கோழிக்கும் எனக்கும் சண்டை இல்லடா. அது போட்டதுதான் எனக்கு எதிரி."

கடைக்காரர்கள் அவரைக் கண்டாலே, "யோவ், தின்னா தின்னு, இல்லன்னா எடத்த காலி பண்ணு!" என்று பாய்வார்கள். கடைசியில் என்னைப் பிடித்தார்.

"தம்பி, ஒன் மூஞ்சியப் பாத்தா யாரும் திட்ட மாட்டாங்க. இனிமே நீ போய்க் கேளு."

நானோ, இறங்க வேண்டிய இடத்தைப் பஸ் தாண்டினாலும் குரல் கொடுக்காதவன்.

அப்போதுதான் ஊருக்குள் கிரில் சிக்கன் வந்திருந்தது. கூடவே குட்டிக் கிண்ணத்தில் மையோனஸ். எங்களுக்கு அது வெள்ளைச் சட்னி. ஒருநாள் இருவரும் போனோம்.

"தம்பி, இதுல முட்டை இருக்குதான்னு கேட்டுட்டு வா."

கல்லாவைச் சுற்றி ஒரே கூட்டம். இரண்டு தடவை வாயைத் திறந்தேன்; சத்தம் வரவில்லை. திரும்பி வந்து, "இல்லையாம்ணே" என்றேன்.

ஒரு கோழித் துண்டை அதில் நன்றாகத் தோய்த்துத் தின்றார். "பூண்டு வாசனை தூக்குதுடா!" என்றார். ஐந்தே நிமிடத்தில் முகம் வீங்கியது. ஆட்டோவில் அவருடைய மூச்சு விசில் மாதிரி கேட்டது. பச்சை முட்டையை அடித்துச் செய்வதுதான் அந்த வெள்ளைச் சட்னி என்று ஊசி போட்ட பிறகு டாக்டர்தான் சொன்னார்.

மறுநாள் பார்க்க வந்தவர்களிடம் வீங்கிய வாயோடு சொன்னார்: "இவன் பாவம், கேட்டுட்டுத்தான் வந்தான். கடைக்காரன் பொய் சொல்லிட்டான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூச்சம் என்று நினைத்திருப்பார். அதன் பிறகும் என்னைத்தான் கேட்க அனுப்பினார். போன ஒவ்வொரு தடவையும் கேட்டேன். அந்த ஒரு தடவை கேட்கவில்லை என்பதை மட்டும், அவர் வயதாகிக் கண் மூடும்வரை சொல்லவில்லை.

இன்றும் எந்தக் கடைக்குப் போனாலும் கூட்டத்தைத் தாண்டிக் கத்துகிறேன்: "இதுல முட்டை இருக்குதாங்க?"

"ஏங்க, ஒங்களுக்கு ஆவாதா?"

"எங்க அண்ணனுக்கு ஆவாது."